சிலிக்காவின் நடுவே பட்டினி

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தின் மேற்கு விளிம்பில் வீடுகள் முடிந்ததும் மாடுகள் தொடங்குகின்றன. டென் ஹோர்ன், ஸ்கிப்லாய்டன் என்று சிற்றூர்களைத் தொட்டுக்கொண்டு போகிறது சைக்கிள் பாதை. இருபுறமும் கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் புல்வெளி. சில இடங்களில் வாய்க்கால் தண்ணீர் நம் பாதையைவிட உயரத்தில் நிற்கிறது. ஏப்ரல் மாதத்து எதிர்காற்று முகத்தில் அறைந்தது. டி லியர் ஊர்த் தேவாலயத்தின் சாய்ந்த கோபுரம் கண்ணில் படும் இடத்தில் புல்வெளி நின்றுபோய், அதற்கப்பால் வடகடலின் மணல்மேடுகள் வரை கண்ணாடிக் கூரைகள்தான். வெஸ்ட்லாந்து.

ஹேக், ரோட்டர்டாம், கடல் மூன்றுக்கும் இடைப்பட்ட இந்தப் பகுதியில் முன்பு காற்றைத் தடுக்கச் செங்கல் சுவர் எழுப்பி, அதன் வெயில் பக்கத்தில் பழச்செடிகளைச் சாய்த்து வளர்த்தார்கள். பிறகு கண்ணாடிக்குள் திராட்சை வந்தது. திராட்சை போய்த் தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய், ரோஜா வந்தன. 1970களின் பிற்பகுதியிலிருந்து மண்ணையும் விட்டுவிட ஆரம்பித்தார்கள். ஒரே பயிரைத் திரும்பத் திரும்ப வைத்ததில் மண்ணில் நோய் குவிந்திருந்தது. நீராவி பாய்ச்சியும் நச்சுப்புகை போட்டும் அலுத்துப்போயிருந்தார்கள். மண்ணுக்குப் பதிலாக ராக்வூல் என்ற பாறைப்பஞ்சு, ஆற்று நீருக்குப் பதிலாகக் கூரையில் விழும் மழைநீர், எருவுக்குப் பதிலாக எடைபோட்டுக் கரைத்த உப்புகள்.

நான் இங்கே வந்தது சிலிக்காவுக்காக. ஒசூர்ப் பக்கம் பசுமைக்குடில் வைத்திருக்கும் நண்பர்களிடம் சில வருடங்களாகச் சிலிக்கா டானிக் என்று பாட்டில்கள் வந்து சேர்கின்றன. என்ன செய்யும் என்று கேட்டால் நோய் வராது, வெயில் தாங்கும், மகசூல் கூடும், எல்லாம் செய்யும் என்கிறார்கள். எல்லாம் செய்யும் என்று விற்கப்படும் எதையும் அளந்து பார்க்காமல் நம்பக்கூடாது. இந்தப் பொருளை நீண்ட காலமாக மில்லிமோல் கணக்கில் அளந்து, வாரந்தோறும் வடிநீரைப் பரிசோதனைக்கு அனுப்பிப் பயன்படுத்தும் ஊரில் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று வந்தேன்.

கூட வந்தவர் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் தாவர ஊட்டம் படிக்கும் மன்னார்குடிப் பெண். ஸ்கிப்லாய்டன் தாண்டிய வாய்க்கால் கரையில் மூச்சு வாங்க நின்றபோது நாணல் தழையை நான் உருவப் போக, “கை வைக்காதீங்கண்ணா, அறுத்துடும்” என்றார். “நம்மூர்ல நெல்லுத் தாளு கீறும், கரும்புச் சோகை கீறும். எல்லாம் இந்தச் சிலிக்காதான். எங்க அப்பத்தா உமிக்கரியில பல்லு தேய்ப்பாங்க. அதுல தேய்க்கிறதும் சிலிக்காதான்.”

நெல் இதைக் குடிப்பதுபோல் வேறு உணவுப்பயிர் எதுவும் குடிப்பதில்லை. நன்றாக விளைந்த நெல்லின் தாளிலும் இலையிலும் உலர்எடையில் பத்து சதவீதம் வரைகூடச் சிலிக்கான் இருக்கும், தழைச்சத்தைவிட அதிகம். நெல்வேரில் இதை உள்ளே இழுக்கும் வாயில் எது என்பதை ஜப்பானின் ஒகயாமா பல்கலைக்கழகத்தில் ஜியான் ஃபெங் மா குழுவினர் 2006இல் கண்டுபிடித்தார்கள். எல்.எஸ்.ஐ.1 என்று அதற்குப் பெயர். அடுத்த வருடமே, வேர்ச்செல்லிலிருந்து சிலிக்கானை வெளியே தள்ளி மேலே அனுப்பும் இரண்டாவது வாயிலையும் கண்டார்கள். இவ்வளவு ஏற்பாடு செய்து வைத்திருக்கும் ஒரு செடி அந்தப் பொருளைச் சும்மா குடிக்கவில்லை.

வெள்ளரிக் குடிலுக்குள் நுழையும் முன் வெள்ளை அங்கி, கையுறை, காலணிக்கு உறை, கிருமிநாசினி மிதியடி. வெள்ளரியைத் தாக்கும் வைரஸ் ஒன்று மனிதர் கையோடும் துணியோடும் பரவும் என்பதால் இந்தக் கெடுபிடி. உள்ளே போனதும் வேறு காலநிலை: ஈரமான வெதுவெதுப்பு, நறுக்கிய வெள்ளரியின் வாசனை. இடுப்பளவில் தொங்கும் தகரத் தொட்டிகளில் வெள்ளைப் பிளாஸ்டிக் சுற்றிய ராக்வூல் பாளங்கள். அவற்றிலிருந்து கம்பியைப் பிடித்து ஏறும் கொடிகள். தரையில் ஓடும் வெந்நீர்க் குழாய்களே ஆட்கள் தள்ளுவண்டி ஓட்டும் தண்டவாளமும்.

தோட்டக்காரர் அறுபது வயதைக் கடந்தவர். அவருடைய தாத்தா திராட்சை வைத்தவர், அப்பா தக்காளி. ஒரு இலையைக் கையில் எடுத்து எங்களிடம் நீட்டினார். சொரசொரப்பாக, கரும்பச்சையாக, தட்டுப்போல் கிடையாக விரிந்து நின்றது. “சிலிக்கான் இல்லாவிட்டால் இதைவிட மென்மையாக இருக்கும், கொஞ்சம் தொங்கும். வெயிலைப் பிடிப்பதற்கு இலை இப்படி நிற்க வேண்டும்” என்றார். இங்கிலாந்தின் லிட்டில்ஹாம்ப்டனில் இருந்த கண்ணாடிக்குடில் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் அடாட்டியா, பெஸ்ஃபர்டு இருவரும் சுழலும் ஊட்டக்கரைசலில் வெள்ளரி வளர்த்து 1986இல் எழுதியதும் ஏறக்குறைய இதே வர்ணனைதான்: இலை முரடாகிறது, கிடையாக நிற்கிறது, சாம்பல் நோய் குறைகிறது.

அங்கே நின்றபோதுதான் இந்த விஷயத்தின் விசித்திரம் எனக்கு முழுதாக உறைத்தது. பூமியின் மேலோட்டில் எடையில் ஏறத்தாழ 28 சதவீதம் சிலிக்கான். ஆக்சிஜனுக்கு அடுத்தபடி அதிகமாக இருப்பது அதுதான். தலைக்கு மேலே இருந்த கண்ணாடியில் பெரும்பங்கு சிலிக்கா. வேர் ஓடியிருந்த ராக்வூல், எரிமலைப் பாறையை உருக்கி நூலாக இழுத்தது. அதிலும் பெரும்பங்கு சிலிக்கா. சில கிலோமீட்டர் தள்ளியிருந்த கடற்கரை மணலும் பெரும்பாலும் சிலிக்கா. இவற்றின் நடுவே நிற்கும் வெள்ளரிக்குக் கேனில் வாங்கித்தான் சிலிக்கா கொடுக்க வேண்டியிருக்கிறது.

காரணம் வேதியியலில் இருக்கிறது. வேர் சிலிக்காவைக் கல்லாகவோ மணலாகவோ எடுப்பதில்லை. ஆர்த்தோசிலிசிக் அமிலம் என்ற கரைந்த வடிவத்தில் மட்டுமே எடுக்கும். மணலிலுள்ள குவார்ட்ஸ் 25 டிகிரி வெப்பத்தில் லிட்டருக்குப் பத்து மில்லிகிராம் அளவுக்குத்தான் கரையும், அதுவும் மிக மிக மெதுவாக. மண்ணில் களிமண் சிதைந்தும் பழைய தாளும் இலையும் மட்கியும் இந்த அமிலம் ஓயாமல் தண்ணீரில் சேர்ந்துகொண்டிருக்கிறது. மண்ணில் நின்ற வெள்ளரிக்கு அது இலவசமாகக் கிடைத்தது. கூரையில் விழுந்து பிளாஸ்டிக் விரித்த குளத்தில் சேரும் மழைநீரில் அது கிடையாது. ராக்வூலிலிருந்து வருவதும் பெயரளவுக்குத்தான். ஆக, மண்ணைக் கழித்தபோது இதுவும் சேர்ந்து கழிந்துபோனது. கழிந்ததை உடனே யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் செடி சாகவில்லை.

கவனிக்காமல் விட்டதற்குப் பழைய வரலாறு ஒன்றும் உண்டு. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் டென்னிஸ் ஹோக்லாண்ட் வகுத்த ஊட்டக்கரைசல்தான் உலகம் முழுதும் ஆய்வகங்களின் அடிப்படைச் சூத்திரம். அதில் சிலிக்கான் இல்லை. அதே பெர்க்லியில் ஆர்னான், ஸ்டௌட் இருவரும் 1939இல் ஒரு தனிமத்தை இன்றியமையாதது என்று சொல்ல விதிகள் வகுத்தார்கள்: அது இல்லாமல் செடி தன் வாழ்க்கைச் சுற்றை முடிக்க முடியாதிருக்க வேண்டும். வெள்ளரி சிலிக்கான் இல்லாமலும் பூத்துக் காய்த்துவிடும். அதனால் பட்டியலில் இடமில்லை. டேவிஸ் பல்கலைக்கழகத்து இமானுவேல் எப்ஸ்டீன் 1994இல் இதை வெளிப்படையாகக் கேள்வி கேட்டார். இயற்கையில் வேர்விட்ட எந்தச் செடியும் சிலிக்கான் இல்லாத நீரைச் சந்திப்பதே இல்லை. அது இல்லாத கரைசலில் வளர்த்த செடியை இயல்பான செடி என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்பது அவர் வாதம். சிலிக்கானைப் பற்றி எழுதப்பட்டதில் என்னை அதிகம் அசைத்தது இதுதான். நோயற்ற ஆய்வகத்தில், அளவான வெளிச்சத்தில், ஒரு செடிக்கு எது தேவை என்று பார்த்தால் விடை ஒன்று. பூஞ்சை விதைத்தூள் மிதக்கும் காற்றில், சூடேறும் குடிலில் கேட்டால் விடை வேறு.

டச்சுக்காரர்கள் தத்துவம் பேசாமல் அளந்தார்கள். வெஸ்ட்லாந்தின் நால்ட்வைக் ஊரில் அன்று இருந்த ஆராய்ச்சி நிலையத்தில் சோனவெல்ட், ஃபோக்ட் இருவரும் பயிர் பயிராகப் போட்டுப் பார்த்தார்கள். வெள்ளரி, சீமைச்சுரை, ரோஜா ஆகியவற்றில் பலன் தெரிந்தது. தக்காளியிலும் குடைமிளகாயிலும் செலவுக்கு ஈடான பலன் இல்லை. அவற்றின் வேர் சிலிக்கானை மேலே அனுப்புவதே சொற்பம். வெள்ளரிக்கு லிட்டருக்கு 0.75 மில்லிமோல் என்று பரிந்துரை வந்தது. சிலிக்கானாகச் சொன்னால் 21 மில்லிகிராம், ஆக்சிஜனோடு சேர்ந்த சிலிக்காவாகச் சொன்னால் 45. பாட்டில் வாங்குபவர்கள் இந்த வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். ஒரே கரைசலின் பலத்தை ஒரு நிறுவனம் சிலிக்கானாகவும் இன்னொன்று சிலிக்காவாகவும் அச்சிடும். இரண்டாவது எண் முதலாவதைவிட இருமடங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும்.

கலவை அறைக்குப் போனோம். நான் பார்க்க வந்தது இந்த அறையைத்தான். ஏ தொட்டியில் கால்சியம் நைட்ரேட்டும் இரும்பும். பி தொட்டியில் சல்பேட்டுகள், பாஸ்பேட், நுண்ணூட்டங்கள். இரண்டும் நூறு மடங்கு செறிவு. அமிலத்துக்குத் தனித் தொட்டி. அதற்கும் அப்பால் நான்காவதாக ஒரு சிறிய தொட்டி, பொட்டாசியம் மெட்டாசிலிக்கேட்டுக்கு. எதற்காகத் தனியாக என்று கேட்டேன். தோட்டக்காரர் பதில் சொல்லாமல் ஒரு கண்ணாடிக் குவளையில் பி தொட்டிக் கரைசலைக் கொஞ்சம் பிடித்து, சிலிக்கேட்டைச் சில துளி விட்டார். துளி விழுந்த இடத்தில் வெண்கட்டி திரண்டு, குலுக்கியபோது கூழாகிவிட்டது. ஏ தொட்டியில் விட்டாலும் கெடும். அங்கே கால்சியத்தோடு சேர்ந்து கரையாத வண்டலாக இறங்கும். “இது குழாய்க்குள் நடந்தால் ஆயிரக்கணக்கான டிரிப்பர்களைக் கையால் பிடுங்கிக் கழுவ வேண்டும்” என்றார்.

சிலிக்கேட் கரைசல் கடும் காரம், பி.எச். 11க்கு மேல். அதை நீர்த்து அமிலத்தால் தணிக்கும்போதுதான் செடி குடிக்கும் சிலிசிக் அமிலம் பிறக்கிறது. ஒரு பங்கு மெட்டாசிலிக்கேட்டுக்கு இரண்டு பங்கு நைட்ரிக் அமிலம். விளைவது ஒரு பங்கு சிலிசிக் அமிலமும் இரண்டு பங்கு பொட்டாசியம் நைட்ரேட்டும். 0.75 மில்லிமோல் சிலிக்கான் கொடுத்தால் கூடவே 1.5 மில்லிமோல் பொட்டாசியமும் அதே அளவு நைட்ரேட்டும் வந்துவிடும். அதை மற்ற உரத்திலிருந்து குறைக்க வேண்டும். குறைக்காமல் மேலே ஊற்றுகிறவர்கள் மகசூல் கூடியது என்று சொன்னால், கூட்டியது சிலிக்காவா பொட்டாசியமா என்று சொல்ல வழியே இல்லை.

சின்னத் தொட்டியில் கையால் கலக்குகிறவர்களுக்கு அவர் சொன்ன வரிசை இது. முதலில் வெறும் தண்ணீர் முழு அளவுக்கு. அதில் சிலிக்கேட், கலக்கிக்கொண்டே, மெதுவாக. பிறகு அமிலம் விட்டு பி.எச்.ஐ 6க்கு அருகே இறக்க வேண்டும். அதன் பின்புதான் ஏ, பி. கடைசியில் மீண்டும் பி.எச். பார்க்க வேண்டும். அளவை மீறவும் கூடாது: சாதாரண வெப்பத்தில் லிட்டருக்கு 2 மில்லிமோலைத் தாண்டினால் சிலிசிக் அமில மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கூழாகத் தொடங்கும், வேருக்கு உதவாது. இன்னொன்று, இந்த அமிலத்துக்கு மின்னேற்றம் இல்லை. அதனால் கரைசலின் மின்கடத்தும் திறனை அளக்கும் ஈ.சி. மீட்டர் இதைக் காட்டாது. தொட்டியில் சிலிக்கா இருக்கிறதா தீர்ந்துவிட்டதா என்பது ஆய்வகப் பரிசோதனையில்தான் தெரியும்.

“நோய் வந்தபிறகு ஊற்றினால்?” என்று மன்னார்குடிப் பெண் கேட்டார். விடை அவருக்குத் தெரியும், எனக்காகக் கேட்டார். தோட்டக்காரர் பயனில்லை என்று தலையை ஆட்டினார். வேர் குடித்த சிலிசிக் அமிலம் நீரோடு இலைக்கு ஏறி, நீர் ஆவியாகப் போக, அங்கேயே சிலிக்காவாக உறைந்துவிடுகிறது. பழைய இலையில் உறைந்தது புதிய இலைக்கு நகராது. நாற்றுப் பருவத்திலிருந்து தினமும் கொஞ்சம் வந்துகொண்டே இருக்க வேண்டும். கனடாவில் லவால் பல்கலைக்கழகத்தின் பெலாங்கே குழு 1990களில் இதே வெள்ளரியில் நிறைய வேலை செய்தது. சுழலும் கரைசலில் பொட்டாசியம் சிலிக்கேட் சேர்த்தபோது பித்தியம் என்ற கிருமியால் வரும் வேரழுகல் தணிந்ததை 1992இல் எழுதினார்கள். சிலிக்கா இலையில் சுவர்போல் நின்று பூஞ்சையைத் தடுக்கிறது என்பது பழைய விளக்கம். சிலிக்கான் பெற்ற வெள்ளரி தாக்குதல் வந்ததும் தன் எதிர்ப்புப் பொருள்களை வேகமாகவும் கூடுதலாகவும் சுரக்கிறது என்பதையும் அந்தக் குழு காட்டியது. நோயை அது முற்றாக ஒழிப்பதில்லை. தணிக்கிறது, தள்ளிப்போடுகிறது. மருந்து தெளிக்கும் முறை குறைந்தால் அதுவே இங்கே பெரிய லாபம். 2018 முதல் குடிலிலிருந்து வெளியேறும் நீரில் பூச்சி, பூஞ்சை மருந்துகளை 95 சதவீதமாவது நீக்கிவிட்டுத்தான் விட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது.

இவ்வளவு நல்லது என்றால் எல்லாரும் போடவேண்டியதுதானே? சந்தை குறுக்கே நிற்கிறது. சிலிக்கான் குடித்த வெள்ளரிக் காயின் தோலில் மெல்லிய வெண்பூச்சு படியும், பளபளப்பு மங்கும். அந்தப் பூச்சும் சிலிக்காதான். ஜப்பானில் இதைப் பூச்சிமருந்தின் எச்சம் என்று மக்கள் நினைத்து ஒதுக்க, சிலிக்கானை அதிகம் இழுக்காத பூசணி வேர்த்தண்டில் வெள்ளரியை ஒட்டுக்கட்டிப் பளபளக்கும் காயை விற்கத் தொடங்கினார்கள். காய் மின்னியது, கொடி சாம்பல் நோய்க்கு எளிதில் விழுந்தது. அந்தப் பூசணி ஏன் இழுப்பதில்லை என்பதற்கும் 2011இல் ஒகயாமா ஆய்வாளர்களே விடை கண்டார்கள்: வாயில் புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தது. நோய் தாங்கும் காய் மங்கலாக இருக்கிறது என்பதற்காக மருந்தடித்த மின்னும் காயைத் தேர்ந்தெடுப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது. வாங்குபவரிடம் யாராவது விளக்கிச் சொல்லியிருக்கலாம்.

அடுத்த குடில் தக்காளி. அங்கே சிலிக்காத் தொட்டி இல்லை, இருக்க வேண்டியதும் இல்லை. ஆனால் வேர் ஓடியிருந்த பாளத்தின் உறையில் ‘இந்தியத் தயாரிப்பு’ என்று அச்சிட்டிருந்தது. தென்னை நார்க்கழிவு. பொள்ளாச்சிப் பக்கம் மலைமலையாகக் கிடந்து, கழுவி, அழுத்தி, கப்பலேறும் அதே பொருள். இந்த வடகடல் காற்றில் அதைத் தொட்டபோது மனம் நிறைந்தது.

மாலையில் மான்ஸ்டர் ஊர்க் கடற்கரை வரை போனோம். மணல்மேட்டில் ஏறி நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கண்ணாடி. பேச்சு ஊருக்குத் திரும்பியது. கருங்கல் பூமியில் தோண்டிய நம் போர் தண்ணீரில் சிலிக்கா பெரும்பாலும் கணிசமாகவே கரைந்திருக்கும், ஆர்.ஓ. நீர்ச்சுத்திகரிப்பான் வைத்திருப்பவர்களைக் கேட்டால் சவ்வில் படியும் சிலிக்காப் படிவத்தைச் சபிப்பார்கள். ஆகவே நேரடிப் போர் தண்ணீரில் பயிர் வைப்பவர் முதலில் தண்ணீரைச் சோதித்துச் சிலிக்கா எவ்வளவு என்று தெரிந்துகொள்ள வேண்டும். போதுமான அளவு ஏற்கெனவே வந்துகொண்டிருக்கலாம். ஆர்.ஓ. நீரிலோ மழைநீரிலோ வெள்ளரியும் ரோஜாவும் வைப்பவருக்குத்தான் சேர்ப்பதில் அர்த்தம். மலிவு என்று சோப்புத் தொழிலுக்கு வரும் சோடியம் சிலிக்கேட்டை வாங்கிவிடக் கூடாது. சுழலும் கரைசலில் சோடியம் செடி எடுக்காமல் தங்கித் தங்கிக் கூடிவிடும். ரோஜாவுக்கு நல்லது என்று எல்லாப் பூவுக்கும் ஊற்றவும் கூடாது. அமெரிக்காவில் அலங்காரச் சூரியகாந்திக்கு அளவு கூட்டியபோது செடி குட்டையாகிப் பூ கோணலானது பதிவாகியிருக்கிறது.

“உமிச் சாம்பலைப் போட்டா என்னண்ணா?” என்றார் அவர். தஞ்சை அரைவை ஆலைகளின் பின்புறம் குவிந்து கிடப்பது. அதில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா, அதுவும் நெல் ஒருமுறை குடித்து, உறையவைத்து வைத்திருக்கும் படிகமாகாத சிலிக்கா. குவார்ட்ஸைவிடப் பலமடங்கு கரையும். ஆனால் எரித்த சூட்டைப் பொறுத்தது. 700 டிகிரிக்குள் எரிந்தால் அந்தக் குணம் நிற்கும். கொதிகலனில் அதற்கு மேல் வெந்தால் படிகமாகி மணலைப்போலக் கரையாமல் போகும். அந்தத் தூள் நுரையீரலுக்கும் கேடு. சாம்பலின் காரத்தன்மையைத் தணித்து, நார்க்கழிவோடு எந்த விகிதத்தில் கலந்தால் வேருக்கு எத்தனை மில்லிமோல் வந்து சேரும் என்பதைச் செடி வைத்துத்தான் அறிய வேண்டும். மன்னார்குடியில் வீட்டுக்குப் பக்கத்து ஆலையில் மெதுவாகப் புகையவிட்ட சாம்பலும், கொதிகலன் சாம்பலும் தனித்தனியாக அனுப்பச் சொல்லித் தம்பியிடம் பேசிவிட்டாராம். வெள்ளரி விதை கையில் இருக்கிறது. மழைநீர் வாகனிங்கனில் எப்போதும் கிடைக்கும்.